மூளைக் கட்டி ரிப்போர்ட்டில் ‘பி53 பாசிட்டிவ்’: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூளைக் கட்டி அறுவைக்குப் பிறகு கைக்கு வரும் பயாப்ஸி ரிப்போர்ட்டின் கடைசியில் ஐடிஹெச்1, ஏடிஆர்எக்ஸ், பி53, கேஐ-67 என்று, கட்டி செல்லில் தேடிப் பார்த்த புரதங்களின் பெயரில் நாலைந்து வரிகள் இருக்கும். மதுரைக்காரர்களும், தேனி, திண்டுக்கல், சிவகங்கை, விருதுநகர், ராமநாதபுரம் பக்கமிருந்து வைத்தியத்துக்காக இங்கே வருகிறவர்களும் அதிகம் பயப்படுவது பி53 வரிக்குத்தான். தப்பாகப் புரிந்துகொள்ளப்படுவதும் அதுதான். இந்தப் பக்கம் அந்த ஒரு வரியைப் பற்றியது. முற்பகுதி குடும்பத்தாருக்கு. பாட்டில், பிளாக் (திசு பதிந்த மெழுகுக் கட்டி), சாயம் பற்றிய பிற்பகுதி ஆஸ்பத்திரியிலும் லேபிலும் வேலை பார்ப்பவர்களுக்கும் சேர்த்து எழுதப்பட்டது.

பி53 புற்றுநோயைத் தடுக்கிற புரதம்னு நெட்ல போட்டிருக்கு. அது பாசிட்டிவ்னா நல்லதுதானே?

இல்லை. இங்கே பாசிட்டிவ் என்றால் அந்தப் புரதம் செல்லின் உட்கருவில் குவிந்து கிடக்கிறது என்று மட்டும் பொருள். அது வேலை செய்கிறது என்று பொருள் அல்ல.

17-வது குரோமோசோமின் குட்டைக் கையில் டிபி53 என்ற மரபணு இருக்கிறது. 393 அமினோ அமிலங்கள் கொண்ட பி53 புரதம் அதிலிருந்து உண்டாகிறது. டிஎன்ஏ அடிபட்டால் செல் பிரிவதை நிறுத்தி வைப்பது, பழுது பார்க்க நேரம் கொடுப்பது, சரிசெய்ய முடியாது என்றால் செல்லையே சாகவிடுவது ஆகியவை இதன் பொறுப்பு. நல்ல செல்லில் இந்தப் புரதம் உண்டாகிக்கொண்டே இருக்கும், சுமார் 20 நிமிடத்தில் சிதைக்கப்பட்டும் விடும். அதனால், இந்தப் புரதம் இருக்கும் இடத்தைப் பழுப்பாக்கும் சாயம் போட்டுப் பார்த்தால் ஏறக்குறைய ஒன்றும் தெரியாது. கட்டியில் உட்கரு உட்கருவாக அடர் பழுப்பு ஏறியிருந்தால், சிதைய வேண்டியது சிதையவில்லை என்று அர்த்தம். பெரும்பாலும் அப்படிச் சேர்வது கெட்டுப்போன பி53.

கெட்டுப்போச்சுன்னா குறையத்தானே வேணும்? எப்படிக் கூடுது?

நல்ல கேள்வி. பி53 வேலை செய்யும்போது தான் இயக்கும் மரபணுக்களோடு எம்டிஎம்2 என்ற இன்னொரு புரதத்தையும் உண்டாக்க வைக்கிறது. அந்த எம்டிஎம்2 திரும்பி வந்து பி53-ஐப் பிடித்து, சிதைப்பதற்கு அடையாளம் ஒட்டி அனுப்பிவிடும். மாடித் தொட்டியில் தண்ணீர் ஏற ஏற மிதவை தானே மேலே வந்து குழாயை அடைப்பது மாதிரியான ஏற்பாடு இது. மிதவை எழும்பவில்லை என்றால் தொட்டி வழியும். கெட்டுப்போன பி53-ஆல் டிஎன்ஏ-வைப் பிடிக்க முடியாது, அதனால் எம்டிஎம்2-ஐ உண்டாக்க முடியாது, அதனால் தானும் சிதைவதில்லை. 20 நிமிடம் இருக்க வேண்டிய புரதம் மணிக்கணக்கில் தங்கிவிடுகிறது. புரதங்களின் மடிப்பைக் காக்கும் ஹெச்எஸ்பி90 போன்ற துணைப் புரதங்களும் அதைச் சூழ்ந்து பாதுகாக்கின்றன.

டிபி53-இல் வரும் மாற்றங்களில் மிகப் பெரும்பாலானவை ஒரே ஒரு அமினோ அமிலம் இடம் மாறுவதுதான். 175, 248, 273 ஆகிய இடங்கள் அடிக்கடி அடிபடும். ஆஸ்ட்ரோசைட்டோமா வகை மூளைக் கட்டிகளில் 273-வது இடம் அதிகம் காணப்படும். பி53 நான்கு நான்காகச் சேர்ந்துதான் வேலை செய்யும். அந்த நான்கில் கெட்டது கலந்தால் மீதமுள்ள நல்லதும் முடங்குகிறது.

அப்படின்னா பாசிட்டிவ்னு வந்தாலே மரபணு மாற்றம் உறுதியா?

உறுதி இல்லை. சாயம் போடும்போது பி53-ஐத் தேடிப் பிடிப்பது ஆன்டிபாடி என்ற பொருள். லேபில் பரவலாகப் பயன்படும் ஆன்டிபாடி டிஓ-7 என்ற வகை. அது புரதத்தின் தொடக்க முனையில், 20-வது அமினோ அமிலத்தை ஒட்டிய பகுதியைப் பிடிக்கும். மாற்றங்கள் பெரும்பாலும் நடுப்பகுதியில் வருவதால் நல்ல பி53, கெட்ட பி53 இரண்டையும் அது ஒரே மாதிரி பிடிக்கும். அதற்குப் பேதம் தெரியாது.

நல்ல பி53-உம் சேரும் சந்தர்ப்பங்கள் உண்டு. கதிர்வீச்சு எடுத்த பிறகு மறுபடி அறுவை செய்த திசு, ரத்த ஓட்டம் குறைந்து ஆக்சிஜன் இல்லாமல் தவிக்கும் திசு, காயத்துக்கு எதிர்வினையாகப் பெருத்த ஆஸ்ட்ரோசைட்டுகள் (மூளையின் துணைச் செல்கள்) எல்லாம் சாயம் எடுக்கும். ஆனால் அது வெளிறியும், ஒரு செல்லுக்கு ஒரு செல் ஏற்ற இறக்கமாகவும் இருக்கும். 1990-களின் தொடக்கத்தில் மூளைக் கட்டிகளில் பி53 குவிவதை ஆராய்ந்தபோதே, மரபணுவில் மாற்றம் கிடைக்காத சில கட்டிகளிலும் புரதம் சேர்ந்திருப்பது தெரிந்துவிட்டது.

வைரஸும் ஒரு காரணம். பி53 1979-இல் கண்டுபிடிக்கப்பட்டதே, எஸ்வி40 என்ற வைரஸின் புரதத்தோடு அது ஒட்டிக்கொண்டிருந்ததால்தான். அதன் உறவுக்கார வைரஸான ஜேசி வைரஸ், எதிர்ப்புச் சக்தி மிகக் குறைந்தவர்களின் மூளையில் பிஎம்எல் என்ற நோயை உண்டாக்கும். அந்தத் திசுவில் உட்கருக்கள் பெருத்து, பி53 பளிச்சென்று பழுப்பாக நிற்கும். ஸ்கேனிலும் புண் இருக்கும். கட்டி என்று முடிவு கட்டிவிடும் ஆபத்து இங்கே நிஜம். எச்ஐவி உள்ளவருக்கோ, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து சாப்பிடுகிறவருக்கோ மூளை பயாப்ஸி எடுத்தால் அந்த விவரத்தை, திசுவோடு லேபுக்குப் போகும் ரிக்விசிஷன் தாளில் கட்டாயம் எழுதுங்கள். மறைத்தால் நஷ்டம் நோயாளிக்கு.

டிஃப்யூஸ் கிளையோமா (மூளைத் திசுவுக்குள் ஊடுருவிப் பரவும், துணைச் செல் வகைக் கட்டி) வகைக் கட்டிகளில் பொதுவாகப் பின்பற்றும் அளவு இது: அடர்த்தியாகச் சாயம் எடுத்த உட்கருக்கள் 10 சதவீதத்தைத் தாண்டினால் டிபி53 மாற்றம் இருக்க வாய்ப்பு அதிகம். வெளிறிய சாயத்தை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

நெகட்டிவ்னா பி53 நல்லா இருக்குன்னு எடுத்துக்கலாமா?

அப்படியும் எடுக்க முடியாது. மாற்றம் சில நேரம் புரதத்தைப் பாதியிலேயே வெட்டிவிடும், அல்லது மரபணுவே தொலைந்துபோயிருக்கும். அப்போது பழுப்பாக்கப் புரதமே இல்லை, ஸ்லைடு முழுக்கப் பின்னணிச் சாயத்தின் நீலம். இதை முழு இழப்பு என்று தனியாகக் குறிப்பிட வேண்டும். கட்டி செல்கள் சுத்தமாக வெறுமையாக இருக்க, பக்கத்து ரத்தக் குழாயின் உள்வரிச் செல்களிலும் லிம்போசைட்டுகளிலும் அங்கொன்றும் இங்கொன்றுமாக மெல்லிய பழுப்பு தெரிந்தால்தான் அப்படிச் சொல்லலாம். அந்த மெல்லிய பழுப்பும் இல்லாவிட்டால் சாயமே ஏறவில்லை. நெகட்டிவ் என்று எழுதுவதே தவறு.

இன்னொரு வழியும் உண்டு. எம்டிஎம்2-ஐக் கட்டுப்படுத்தும் ஏஆர்எஃப் என்ற புரதம் சிடிகேஎன்2ஏ மரபணுவில் இருந்து வருகிறது. மிகக் கடுமையான கிளையோமாவான கிளையோபிளாஸ்டோமாவில் அந்த மரபணு அடிக்கடி அழிந்துபோகும். வேறு சிலவற்றில் எம்டிஎம்2 பல மடங்கு பெருகிக் கிடக்கும். இரண்டிலும் பி53 மரபணு நன்றாகவே இருக்கும், ஆனால் புரதம் உண்டாகும் வேகத்தில் சிதைந்துவிடும். அதனால்தான் கிளையோபிளாஸ்டோமாவில் டிபி53 மாற்றம் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தாலும், பி53 சார்ந்த பாதை எங்கேயோ ஓரிடத்தில் முறிந்திருப்பது பத்தில் எட்டுக்கும் மேல்.

‘பி53: 60 சதவீதம்’னா நோய் 60 சதவீதம் பரவிருச்சா?

இல்லை. நுண்ணோக்கியில் பார்த்த பகுதியில் 100 கட்டி செல்லில் 60-இன் உட்கரு சாயம் எடுத்திருக்கிறது, அவ்வளவுதான். அது பரவலையும் சொல்லாது, கட்டியின் கிரேடையும் (எவ்வளவு கடுமையானது என்பதையும்) சொல்லாது. செல்கள் எவ்வளவு வேகமாகப் பிரிகின்றன என்பதைச் சொல்வது கேஐ-67 வரி. இரண்டும் சதவீதத்தில் வருவதால் குழம்புகிறது.

அப்ப இந்த வரியால என்னதான் பிரயோஜனம்?

கட்டியின் பெயரைச் சரியாகச் சொல்ல உதவுகிறது. இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும் என்றால் அது இதுதான்: பி53 வரியைத் தனியாகப் படிக்காதீர்கள். ஐடிஹெச், ஏடிஆர்எக்ஸ், நோயாளியின் வயது, கட்டி இருக்கும் இடம் ஆகியவற்றோடு சேர்த்துப் படியுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வகைப்பாடு பெரியவர்களின் டிஃப்யூஸ் கிளையோமாவை மூன்றாகப் பிரிக்கிறது. எந்தக் கூட்டில் எது என்பதைப் பார்ப்போம்.

ஐடிஹெச்1 பாசிட்டிவ், ஏடிஆர்எக்ஸ் இழப்பு (கட்டி செல்லில் அந்தப் புரதம் இல்லை), பி53 அடர்த்தியாகப் பாசிட்டிவ் என்று மூன்றும் கூடினால் அது ஐடிஹெச் மாற்றமுள்ள ஆஸ்ட்ரோசைட்டோமா. இந்த வகையில் பெரும்பாலான கட்டிகளில் டிபி53 மாற்றம் இருக்கும், ஆகவே பாசிட்டிவ் வருவது எதிர்பார்த்ததே. இந்தக் கூட்டு தெளிவாக வந்துவிட்டால், 1-வது, 19-வது குரோமோசோம்களில் ஒவ்வொரு கை தொலைந்திருக்கிறதா என்று பார்க்கும் 1பி/19க்யூ சோதனை தேவைப்படாது. பல ஆயிரம் ரூபாய் மிச்சமாகும் இடம் இது. கிரேடு 2-ஆ, 3-ஆ, 4-ஆ என்பதை வேறு அடையாளங்கள் தீர்மானிக்கும். சிடிகேஎன்2ஏ/பி இரண்டு பிரதியும் அழிந்திருந்தால், நுண்ணோக்கியில் எவ்வளவு சாதுவாகத் தெரிந்தாலும் கிரேடு 4.

ஐடிஹெச்1 பாசிட்டிவ், ஏடிஆர்எக்ஸ் அப்படியே இருக்கிறது, பி53 வெளிறி அல்லது மிகக் குறைவு என்றால் ஆலிகோடெண்ட்ரோகிளையோமாவாக இருக்கலாம். அதை உறுதிசெய்ய 1பி/19க்யூ சோதனை கட்டாயம். இங்கே பணம் மிச்சம் பிடிக்கக் கூடாது. சிகிச்சையும் எதிர்பார்ப்பும் ஆஸ்ட்ரோசைட்டோமாவில் இருந்து வேறு.

ஐடிஹெச்1 நெகட்டிவ் என்றால் கொஞ்சம் நிதானம் வேண்டும். சாயம் பிடிப்பது ஆர்132ஹெச் என்ற ஒரே மாற்றத்தை. கிளையோமாவில் வரும் ஐடிஹெச் மாற்றங்களில் சுமார் 90 சதவீதம் அதுதான், மீதி இந்தச் சாயத்துக்குத் தப்பிவிடும். 55 வயதைத் தாண்டியவருக்கு, முன்பு சாதுவான கட்டி இருந்த வரலாறு இல்லாமல், நுண்ணோக்கியிலும் கிளையோபிளாஸ்டோமா தோற்றம் தெளிவாக இருந்தால் நெகட்டிவை அப்படியே ஏற்கலாம். 30 வயதுப் பிள்ளைக்கு ஐடிஹெச்1 நெகட்டிவ், ஆனால் ஏடிஆர்எக்ஸ் இழப்பும் பி53 அடர்த்தியும் இருந்தால், ஐடிஹெச் மரபணுவை வரிசைப்படுத்திப் பார்க்காமல் முடிவெழுதக் கூடாது. அந்த வயதில், அதுவும் கட்டி தாலமஸ், மூளைத்தண்டு போன்ற நடுக்கோட்டில் இருந்தால், ஹெச்3 கே27எம் என்ற இன்னொரு மாற்றத்தைப் பிடிக்கும் சாயமும் வேண்டும். அந்தக் கட்டிகளிலும் பி53 குவியும்.

பி53 பாசிட்டிவ்னா ஆயுள் குறைவுன்னு சொல்றாகளே?

பெரியவர்களின் கிளையோமாவில் இந்த வரியை வைத்து ஆயுளைக் கணிக்க முடியாது. ஐடிஹெச் மாற்றமுள்ள ஆஸ்ட்ரோசைட்டோமாவில் பி53 பாசிட்டிவ். அந்தக் கட்டி ஐடிஹெச் மாற்றமில்லாத கிளையோபிளாஸ்டோமாவை விடப் பல வருடம் அதிகம் தாங்கக்கூடியது. கிளையோபிளாஸ்டோமாவிலோ பி53 பாசிட்டிவாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் பெரிய வித்தியாசம் இல்லை.

விதிவிலக்கு ஒன்று உண்டு, அது முக்கியமானது. குழந்தைகளின் சிறுமூளையில் வரும் மெடுல்லோபிளாஸ்டோமாவில், எஸ்ஹெச்ஹெச் என்ற துணை வகையில் டிபி53 மாற்றம் இருந்தால் நோய் கடுமையானது. உலக சுகாதார நிறுவன வகைப்பாடே அதைத் தனிப் பெயரில் பிரித்து வைத்திருக்கிறது. குழந்தையின் ரிப்போர்ட்டில் மெடுல்லோபிளாஸ்டோமா, பி53 அடர்த்தியாகப் பாசிட்டிவ் என்று இருந்தால், துணை வகையும் மரபணு வரிசையும் தெரியாமல் கதிர்வீச்சுத் திட்டத்தை முடிவு செய்ய வேண்டாம் என்று டாக்டரிடம் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

பி53-ஐச் சரிபண்ண மருந்து இருக்கா?

மூளைக் கட்டிக்கு இன்று வரை அப்படி ஏற்கப்பட்ட மருந்து இல்லை. பி53 வரியைக் காட்டி ஊசி, பொடி விற்பவரிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள். சிகிச்சையைத் தீர்மானிப்பவை வேறு வரிகள். கிளையோபிளாஸ்டோமாவுக்கு 2005 முதல் நிலைத்திருக்கும் முறை இது: 30 அமர்வில் 60 கிரே கதிர்வீச்சு, அந்த நாட்கள் முழுக்க தினமும் உடல் பரப்பின் ஒரு சதுர மீட்டருக்கு 75 மி.கி. டெமோசோலோமைடு என்ற கீமோ மருந்து, பிறகு 28 நாளுக்கு ஒருமுறை ஐந்து நாள், அதே சதுர மீட்டர் கணக்கில் தினமும் 150 முதல் 200 மி.கி. வரை, ஆறு சுற்று. டெமோசோலோமைடு எவ்வளவு கேட்கும் என்பதைச் சொல்வது எம்ஜிஎம்டி மெத்திலேஷன் சோதனை. ஐடிஹெச் மாற்றமுள்ள கிரேடு 2 கட்டிகளுக்கு வொராசிடெனிப் என்ற மாத்திரை 2024 ஆகஸ்டில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதுவும் ஐடிஹெச் வரியைப் பார்த்துத்தான், பி53-ஐப் பார்த்து அல்ல.

மஞ்சள், முள்சீத்தா இலைக் கஷாயம் கொடுத்தா பி53 சரியாகுமா?

ஆகாது. சமையலில் போடும் மஞ்சளால் கெடுதல் இல்லை. முள்சீத்தா இலையை வடித்துத் தினமும் குடிப்பதைத் தவிருங்கள். அதில் நரம்பு செல்லைப் பாதிக்கும் பொருள் இருக்கிறது. டெமோசோலோமைடு எடுக்கும் காலத்தில் தட்டணுக்கள் குறையும், கல்லீரல் சோதனையும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கஷாயம் கலந்தால் எதனால் என்ன ஏறியது என்று கண்டுபிடிக்க முடியாமல் கீமோ தள்ளிப்போகும். மூளை வீக்கத்துக்குக் கொடுக்கும் டெக்சாமெத்தசோன், வலிப்பு மாத்திரை இரண்டையும் யார் பேச்சைக் கேட்டும் சட்டென்று நிறுத்தாதீர்கள்.

பிள்ளைகளுக்கும் வருமா? வீட்டில் எல்லாரும் டெஸ்ட் எடுக்கணுமா?

பெரும்பாலும் தேவையில்லை. கட்டியில் காணும் டிபி53 மாற்றம் பெரும்பாலும் அந்தக் கட்டியின் செல்லில் மட்டும், வாழ்நாளில் இடையில் ஏற்பட்டது. ரத்தத்திலோ விந்து, முட்டையிலோ அது இருக்காது.

பிறவியிலேயே டிபி53 மாற்றத்தோடு இருப்பது லி-ஃப்ராமெனி நோய்க்குறி. 1969-இல் விவரிக்கப்பட்டது, 1990-இல் காரணம் டிபி53 என்று தெரிந்தது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் 50 சதவீத வாய்ப்பு. சந்தேகப்பட வேண்டிய சூழல்கள் இவை: குழந்தைக்கு கோராய்டு பிளெக்சஸ் கார்சினோமா, மேலே சொன்ன டிபி53 மாற்றமுள்ள மெடுல்லோபிளாஸ்டோமா, அட்ரீனல் சுரப்பிப் புற்று, குடும்பத்தில் இளவயதில் மார்பகப் புற்று, எலும்பு அல்லது சதைப் புற்று, ஒரே ஆளுக்கு இரண்டு மூன்று புற்று. இப்படி இருந்தால் முதலில் மரபணு ஆலோசனை, பிறகு ரத்தச் சோதனை. கட்டியின் சாயத்தை வைத்து பிறவி நோய் என்று சொல்ல முடியாது. இவர்களுக்குக் கதிர்வீச்சு புதிய புற்றைத் தூண்டக்கூடும் என்பதால் இந்தத் தகவல் சிகிச்சைக்கு முன்னால் தெரிந்தாக வேண்டும்.

சொந்தத்துல கட்டினதாலதான் பிள்ளைக்கு இப்படி ஆச்சா? மாமன் மகளைத்தான் கட்டியிருக்கேன்.

பி53 மாற்றத்துக்கும் சொந்தத்தில் கட்டியதற்கும் சம்பந்தம் இல்லை. லி-ஃப்ராமெனி கூட ஒரு பக்கத்துப் பிரதி கெட்டாலே வரும், இரண்டு பக்கமும் வர வேண்டியதில்லை.

ஆனால் இந்தக் கேள்வியை டாக்டர்களும் கேட்க வேண்டும் என்பது எங்கள் அழுத்தமான கருத்து. காரணம் சிஎம்எம்ஆர்டி என்ற அரிய நோய். டிஎன்ஏ பிழை திருத்தும் பிஎம்எஸ்2, எம்எஸ்ஹெச்6 போன்ற மரபணுக்களில் ஒன்று தாய், தந்தை இருவரிடமிருந்தும் கெட்டதாகவே வந்தால் இது உண்டாகும். சொந்தத்தில் மணம் முடிக்கும் குடும்பங்களில் வாய்ப்பு கூடுதல். குழந்தைப் பருவத்திலேயே உயர் கிரேடு கிளையோமா வரும், அதில் பி53-உம் பெரும்பாலும் அடர்த்தியாக நிற்கும். உடம்பில் காபி நிறத் திட்டுகள் இருக்கலாம். பி53-ஐப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றுவிட்டால் இது நழுவும். அதே பிளாக்கில் பிழை திருத்தும் புரதங்களின் சாயத்தைப் போட்டு, கட்டி செல்லில் மட்டுமல்ல, ரத்தக் குழாய் செல்லிலும் சேர்த்து இழப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் டெமோசோலோமைடு சரிவரக் கேட்காது, கூடப் பிறந்தவர்களையும் பரிசோதிக்க வேண்டும். இதில் பெற்றோர் தங்களைக் குற்றம் சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. கேள்விக்கு உண்மையான பதில் சொன்னால் போதும்.

ஆபரேஷன் முடிஞ்சதும் பாட்டிலைக் கையில கொடுத்து லேபுக்குக் கொண்டுபோகச் சொல்றாங்க. எதைக் கவனிக்கணும்?

பாட்டில் வாய் அகலமாக இருக்கட்டும். ஃபார்மலினில் திசு இறுகிவிடும், குறுகிய வாயில் இருந்து எடுக்கும்போது நசுங்கும். உள்ளே இருப்பது சலைன் அல்ல, ஃபார்மலின்தான் என்று கேட்டு உறுதி செய்யுங்கள். சலைனில் மணிக்கணக்கில் கிடந்த மூளைத் திசு கூழாகிவிடும், பிறகு பி53 மட்டுமல்ல எந்தச் சாயமும் நம்பத்தக்கதாக வராது. திசுவின் அளவைப் போல் குறைந்தது பத்து மடங்கு திரவம் வேண்டும். லேபிளில் பெயர், வயது, ஐபி எண், எடுத்த இடம், வலமா இடமா, எடுத்த நேரம் இருக்க வேண்டும். லேபிள் மூடியில் அல்ல, பாட்டில் உடம்பில்.

தியேட்டர் பொறுப்பாளர்களுக்கு: குழாய்த் தண்ணீரில் ஃபார்மலினை ஊற்றிக் கலக்காதீர்கள். அது அமிலமாகி, திசுவில் கருப்பும் பழுப்புமான படிவை உண்டாக்கும். அந்தப் படிவு பி53-இன் பழுப்போடு குழம்பும், டிஎன்ஏ-வும் நொறுங்கும். ஒரு லிட்டருக்கு அளவு: கடையில் வரும் ஃபார்மலின் 100 மி.லி., காய்ச்சி வடித்த தண்ணீர் 900 மி.லி., சோடியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் மோனோஹைட்ரேட் 4 கிராம், நீரற்ற டைசோடியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் 6.5 கிராம். திசு இதில் 6 முதல் 48 மணி நேரம் இருக்கலாம். சனிக்கிழமை அறுவை செய்து, இடையில் பொங்கல் விடுமுறை வந்தால் இந்தக் கணக்கு தாண்டிவிடும். அதற்கு ஆள் ஏற்பாடு முன்பே வேண்டும்.

பிளாக் வாங்கிட்டு வரச் சொல்றாங்க. எங்கே, எப்படி?

பிளாக் என்பது உங்கள் நோயாளியின் திசு பதிந்த சின்ன மெழுகுக் கட்டி. ஸ்லைடு அதில் இருந்து சீவிய படலம். அரசு ராஜாஜி மருத்துவமனையில் அறுவை நடந்திருந்தால் மதுரை மருத்துவக் கல்லூரியின் நோய்க்குறியியல் துறையில் கேட்க வேண்டும். தனியார் ஆஸ்பத்திரி என்றால் அவர்கள் அனுப்பிய லேப் எது என்று பில்லைப் பாருங்கள். எழுத்தில் விண்ணப்பம், நோயாளியின் அடையாள அட்டை நகல், ரிப்போர்ட் நகல், எதற்காகக் கேட்கிறீர்கள் என்று டாக்டர் எழுதிய சீட்டு ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். பெயரை விட பயாப்ஸி எண் முக்கியம், அதை வைத்துத்தான் தேடுவார்கள்.

ஒரு கட்டிக்குப் பல பிளாக் இருக்கும். கட்டி செல் அதிகமாகவும், செத்த திசு குறைவாகவும் உள்ள பிளாக்கைத் தரச் சொல்லுங்கள். எது என்று டாக்டர்தான் சொல்ல முடியும், ஆனால் கேட்டால்தான் பார்ப்பார். சீவிய ஸ்லைடுகளை மட்டும் வாங்கி மாதக்கணக்கில் பீரோவில் வைக்காதீர்கள். சீவி வைத்த ஸ்லைடில் பி53 சாயம் நாளாக ஆக மங்கும், பிளாக்கில் அப்படி மங்காது.

வேலூர், சென்னை, பெங்களூரு என்று எங்கே கொண்டுபோனாலும் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த மெழுகு 56 முதல் 60 டிகிரியில் உருகும். சித்திரை வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காரின் டாஷ்போர்டு அந்தச் சூட்டைத் தொட்டுவிடும். பஸ்ஸில் இன்ஜின் பெட்டி மேலும் வைக்க வேண்டாம். ஃப்ரிட்ஜும் ஐஸும் தேவையில்லை.

ஊசி மூலம் எடுத்த சின்ன பயாப்ஸி. எல்லா டெஸ்டுக்கும் திசு போதுமா?

திட்டமிட்டால் போதும். பிளாக்கை மெஷினில் மாட்டி முகம் சமன்செய்யும் ஒவ்வொரு தடவையும் திசு வீணாகும். இன்று ஐடிஹெச், அடுத்த வாரம் பி53 என்று தவணையாகக் கேட்டால் நான்காவது தவணையில் திசு தீர்ந்திருக்கும். ஒரே அமர்வில் 10 முதல் 15 படலம் சீவி வைத்துவிட வேண்டும். முதலில் ஐடிஹெச்1, ஏடிஆர்எக்ஸ், பி53, கேஐ-67. அவற்றின் விடையைப் பார்த்து மீதிப் படலங்களை 1பி/19க்யூ-வுக்கோ, எம்ஜிஎம்டி-க்கோ, மரபணு வரிசைக்கோ பிரிக்கலாம்.

எங்க லேப்ல பி53 எப்பவும் மங்கலா வருது, இல்லாட்டி ஸ்லைடு முழுக்க பழுப்பாகுது. எங்கே தப்பு?

படலம் 3 முதல் 4 மைக்ரான், மின்னூட்டம் ஏற்றிய ஸ்லைடு, 60 டிகிரியில் ஒரு மணி நேரம். மூளைத் திசு கொழுப்பானது, சாதா ஸ்லைடில் கொதிக்கும்போது கழன்றுவிடும். ஆன்டிஜன் மீட்புக்கு பிஹெச் 9 ட்ரிஸ்-இடிடிஏ, 95 முதல் 98 டிகிரியில் 20 முதல் 40 நிமிடம். மங்கல் பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது. நம் பக்கம் போர் தண்ணீர் உப்புத் தண்ணீர், அதில் பஃபர் கலந்தால் பிஹெச் நிற்காது. காய்ச்சி வடித்த தண்ணீரில் கலந்து, ஒவ்வொரு புது பாட்டிலையும் மீட்டரில் பாருங்கள். கொதித்த பிறகு அதே பஃபரில் 20 நிமிடம் ஆறவிடுங்கள். சூட்டோடு தூக்கினால் படலம் நொடியில் காயும்.

பிறகு 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு 10 நிமிடம். டிஓ-7 ஆன்டிபாடி 30 முதல் 60 நிமிடம், ஈரப்பெட்டிக்குள். மின்விசிறிக்கு நேர் கீழே வைத்தால் ஓரம் காய்ந்து, காய்ந்த ஓரம் மட்டும் அடர் பழுப்பாகும். ஓரத்துச் சாயத்தை எண்ணாமல் விடும் வழக்கம் அதனால்தான். பாலிமர் 20 முதல் 30 நிமிடம், டிஏபி 5 நிமிடம், ஹீமடாக்சிலின் ஒரு நிமிடத்துக்குள். ஹீமடாக்சிலினில் அதிக நேரம் விட்டால் வெளிறிய பழுப்பை நீலம் மூடிவிடும்.

ஸ்லைடு முழுக்கப் பழுப்பானால் ஆன்டிபாடி செறிவு கூடுதல், அல்லது கழுவியது போதாது. சைட்டோபிளாசத்தில் மட்டும் பழுப்பு வந்தால் அதைப் பாசிட்டிவ் என்று எண்ணாதீர்கள். பழைய ரத்தக் கசிவில் உள்ள ஹீமோசிடரினும் பழுப்புதான், ஆனால் அது உட்கருவுக்கு வெளியே துகளாக மின்னும்.

கட்டுப்பாட்டு ஸ்லைடாக டான்சில் திசுவைப் பயன்படுத்துங்கள். அதன் மேல்தோலின் அடி வரிசையிலும், ஜெர்மினல் மையங்களிலும் சிதறிய மெல்லிய பழுப்பு தெரிய வேண்டும். அடர்த்தியான புற்றுத் திசுவை மட்டும் கட்டுப்பாடாக வைக்கும் லேபுக்குத் தன் சாயம் மங்கிவிட்டது கடைசி வரை தெரியாது. அடர்ந்தது எப்படியும் தெரியும், மெல்லியதுதான் முதலில் காணாமல் போகும்.

ரிப்போர்ட்டில் பாசிட்டிவ் என்று ஒற்றை வார்த்தை போதாது. அடர்த்தி எவ்வளவு, எத்தனை சதவீதம், ரத்தக் குழாய் செல்கள் சாயம் எடுத்தனவா என்று மூன்றையும் எழுதினால், அடுத்த ஊரில் படிக்கும் டாக்டருக்கு ஸ்லைடை மறுபடி போட வேண்டி வராது.

செலவுக்கு என்ன வழி?

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டையை அறுவைக்கு முன்பே கலெக்டர் அலுவலகத்தில் எடுத்துவிடுங்கள். வருமானச் சான்று, ரேஷன் அட்டை, ஆதார் வேண்டும். ஆஸ்பத்திரியின் காப்பீட்டுப் பிரிவில், அறுவைக்கான தொகையில் பயாப்ஸிச் சாயங்கள் சேருமா, மரபணுச் சோதனை தனியா என்று முன்கூட்டியே கேளுங்கள்.

எத்தனை நாள்ல முழு ரிப்போர்ட் வரும்? அதுவரை சும்மா இருக்கலாமா?

முதல் ரிப்போர்ட் ஒரு வாரத்துக்குள் வரும். பி53 உள்ளிட்ட சாயங்களுக்கு மேலும் சில நாள். மரபணுச் சோதனை வெளியூர் போனால் இரண்டு மூன்று வாரம். உயர் கிரேடு கட்டிக்குக் கதிர்வீச்சு பொதுவாக அறுவை முடிந்து 3 முதல் 6 வாரத்துக்குள் தொடங்க வேண்டும். ஆகவே தையல் பிரிக்கும் நாளுக்குக் காத்திராமல் முதல் ரிப்போர்ட் வந்த அன்றே பிளாக்கை அனுப்புங்கள். அதே வாரத்தில் கதிர்வீச்சுப் பிரிவில், அரசு ஆஸ்பத்திரி என்றால் மதுரை பாலரெங்காபுரத்தில், பெயர் பதிந்துவிடுங்கள். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நடக்கலாம், ஒன்று முடிந்துதான் மற்றொன்று என்றில்லை.

கட்டி திரும்ப வந்து மறுபடி ஆபரேஷன். பி53 மறுபடி பார்க்கணுமா?

பழைய கட்டிதானா, கதிர்வீச்சால் வந்த திசு மாற்றமா என்று பிரிக்க உதவும். ஆனால் புது ஸ்லைடைத் தனியாகப் பார்த்தால் ஏமாற்றும், ஏனென்றால் கதிர்வீச்சு பட்ட நல்ல செல்களும் சாயம் எடுக்கும். பழைய பிளாக்கையும் புதிய பிளாக்கையும் ஒரே நாளில், ஒரே ஓட்டத்தில் சாயமிட்டு அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். முதல் கட்டியில் பி53 அடர்த்தியாக இருந்து, இப்போதும் அதே அடர்த்தியில் செல்கள் கூட்டமாகத் தெரிந்தால் கட்டி திரும்பியிருக்கிறது. அதற்கு முதல் அறுவையின் பயாப்ஸி எண்ணும், பிளாக் இப்போது எந்த ஊரில் இருக்கிறது என்ற விவரமும் வேண்டும். வெளியூர் லேபில் சோதனை முடிந்ததும் பிளாக்கைத் திரும்பக் கேட்டு வாங்கி, எடுத்த லேபிலேயே ஒப்படைத்து, ஒப்புகைச் சீட்டை ஸ்கேன் ஃபைலில் வைத்துக்கொள்ளுங்கள்.